கூட்டாமல் குறைக்காமல்

விமான நிலையத்தில் வீல்சேர் தள்ளுகிறவளுக்கு மனிதர்களின் முகம் தெரியாது. உச்சந்தலைதான் தெரியும். நம்பாதவர்கள் ஒரு நாள் என்னோடு வந்து தள்ளிப் பார்க்கலாம். சாயம் பூசிய தலையில் வகிட்டில் மட்டும் எட்டிப் பார்க்கும் வெள்ளை, தொப்பி போட்டு மறைத்த வழுக்கை, மகள் அவசரமாகப் பின்னிவிட்ட ஜடை, எல்லாம் எனக்கு அத்துப்படி. சிட்லபாக்கம் ஸ்ரீரங்கன் சாருக்கு இடது காதுக்கு மேலே மிளகு அளவில் ஒரு மச்சம் இருப்பது அவருக்கே தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். மூக்கு எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர்களுக்கும் என் முகம் தெரியாது. வாசலில் வண்டியோடு போய் நிற்பேன். அவர்கள் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டே உட்காருவார்கள், நான் பின்னால் போய்விடுவேன். அதற்கப்புறம் நான் வெறும் குரல்தான். ஸ்ரீரங்கன் சார் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் வண்டியில் உட்கார்ந்ததும், எப்சி இருக்காளா என்று முன்னால் பார்த்தபடியே கேட்பார். இருக்கேன் சார் என்று பின்னாலிருந்து சொல்வேன். விமானத்தின் கதவு வரைக்கும் மாப்பிள்ளையைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். நல்ல மனுஷர்தான், மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அப்படி.

இந்த வேலையில் சேர்ந்தபோது என் முட்டி நன்றாக இருந்தது. இப்போது விமானத்துக்குள் போகிற சரிவில் ஆளோடு வண்டியைப் பிடித்து இறக்கும்போது உள்ளே மணல் அரைபடுகிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நின்று செய்கிற வேலை பரவாயில்லை, பாரம் தள்ளுகிற வேலையை விட்டுவிடுங்கள் என்றார். விடுவது சுலபம். விட்ட பிறகு என்ன செய்வது என்பதை அவர் சீட்டில் எழுதித் தரவில்லை.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஏஜென்சிக்கு வாசலருகே ஒரு ஹெல்ப் டெஸ்க் உண்டு. வீல்சேர் கேட்டு வருகிறவர்களிடம் எந்த விமானம், நடக்க முடியுமா, படி ஏற முடியுமா என்று விசாரித்து ஆள் அனுப்புகிற இடம். அங்கே இருந்த டெனிஸ் கல்யாணம் செய்துகொண்டு கோவைக்குப் போய்விட்டான். இங்கிலீஷ் பரீட்சையில் தேறினால் தள்ளுகிறவர்களில் யார் வேண்டுமானாலும் அங்கே போகலாம் என்றார்கள். எழுத்துப் பரீட்சையில் நான் முதல் தடவையே தேறினேன். பேச்சுப் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்தேன். வேறு யாரும் தேறாததால் இடம் காலியாகவே கிடந்தது. ஆனால் ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான், அதற்குமேல் கிடையாது.

முதல் தடவை வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. பள்ளிக்கூட மேடையில் மறந்துபோன பிள்ளை மாதிரி முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி அதே இடத்தில் நின்றது. பரீட்சை வைத்த மேனேஜர் ராகவேந்திரா சார் மரியாதைக்காரர், பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றார். நிதானமாகவே விழுந்தேன்.

வெளியே வந்து ரயிலுக்கு நடந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இங்கிலீஷ் வெறும் ஒரு மொழிதானே, அறிவு இல்லையே என்று சமாதானம் சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் அதை நன்றாகப் பேசுகிறவர்களாகவே இருக்கிறார்கள். அன்றைக்கே அஸ்தினாபுரத்தில் தேவதர்ஷினி மிஸ் நடத்தும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பு ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் நடக்கும். பெயர் இன்டர்மீடியட் ரிவிஷன். ஏற்கெனவே பாதி தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து துடைத்து அடுக்குகிற வகுப்பு. காலங்கள், செயப்பாட்டு வினை, இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்கிற வாக்கியங்கள், வாரம் ஒரு கட்டு புதுச் சொற்கள். கீழே மில்லில் மிளகாய் அரைக்கும் நாளில் இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் தும்மலோடுதான் வரும். மிஸ் மட்டும் தும்ம மாட்டார். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் வகுப்புக்குள் அவரைக் கண்டால் பயம்.

அவர் வைத்த சட்டம் ஒன்று, படி ஏறிவிட்டால் தமிழ் கிடையாது. பேசவும் கூடாது, நினைக்கவும் கூடாது. இங்கிலீஷில் நினைக்கப் பழகுங்கள் என்பார். நானும் முயன்று பார்த்தேன். எனக்குத் தலைவலி வந்தால்கூட அது தமிழில்தான் வருகிறது. கோடிட்ட இடத்தை நிரப்புவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். சொற்களைச் சின்ன அட்டைகளில் எழுதி அரிசி டப்பா, கண்ணாடி, பீரோ கதவு என்று வீடு முழுக்க ஒட்டினேன். என் வீட்டுக்காரர் ஆல்வின் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பல் தேய்க்கும்போது கண்ணாடியில் இருந்ததைப் படித்துப் படித்து அவருக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது. ஆனால் மிஸ் என்னை எழுப்பி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் போதும், அத்தனை அட்டையும் உதிர்ந்துவிடும்.

எங்கள் சபை பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும் ரோட்டுக்குப் பின்சந்தில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு கீபோர்டு, நிறைய பிளாஸ்டிக் நாற்காலிகள். பாஸ்டர் தாவீது தமிழில் பிரசங்கம் செய்வார். குரோம்பேட்டை பார்லர்களிலும் ஓட்டல்களிலும் வேலை செய்கிற மணிப்பூர்ப் பிள்ளைகள் கொஞ்ச காலமாகக் கடைசி வரிசைகளில் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. அதனால் பாஸ்டர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் நிற்கிற சத்யபிரியா டீச்சர் அதை இங்கிலீஷில் சொல்வார், அப்புறம் அடுத்த வரி. அந்தப் பழக்கம் எங்களுக்கு எப்படிப் படிந்துவிட்டது என்றால், தனியாகத் தமிழில் மட்டும் ஒரு பிரசங்கம் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்யபிரியா டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாஸ்டர் சபையைச் சுற்றிப் பார்த்தார். அதற்கு முந்தின வாரம்தான் ஆல்வின் எழுந்து, என் மனைவி இங்கிலீஷ் பரீட்சையில் ரெண்டு தடவை ஃபெயில், மூணாவதுல பாஸாக ஜெபியுங்கள் என்று சபை முழுக்கக் கேட்கும்படி ஜெபக் குறிப்பு கொடுத்திருந்தார். அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சாப்பாடு லேட்டாகத்தான் கிடைத்தது. பாஸ்டருக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எப்சி, வாம்மா."

ஃபெயிலான ஆளைத்தான் கூப்பிடுவார்களா என்று நினைத்தபடி போனேன். மைக்கை என் கையில் கொடுக்கும்போது பாஸ்டர் காதோரமாகச் சொன்னார், "நான் சொல்றதை அப்படியே சொல்லு. கூட்டாதே, குறைக்காதே."

அன்றைக்கு அவர் சொன்னது தன்னுடைய சாட்சி, அதாவது கர்த்தரிடம் வருவதற்கு முன் தான் எப்படி இருந்தார் என்பது. சபையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் இதே பல்லாவரம் ஸ்டேஷன் படிக்கட்டில் குடித்துவிட்டு விழுந்து கிடந்தவன் என்றார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். என் மனைவி கைக்குழந்தையோடு என்னைத் தேடி வந்தாள் என்றார். சொன்னேன். கைக்குழந்தை என்பதற்குச் சொல் கிடைக்கவில்லை, சின்னப் பாப்பா என்று சொல்லி ஒப்பேற்றினேன். நிற்க நேரமில்லை, அடுத்த வரி வந்துவிட்டது.

"எல்லாரும் பாக்க நான் அவளை அடிச்சேன்."

முதல் வரிசையில் பாஸ்டரம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய் கூசியது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குக் காத்து நின்றேன். அடுத்த வரி வரவில்லை. பாஸ்டருக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, கேட்டால் புரியும்.

"அப்படி நான் சொல்லலையேம்மா," என்றார் மெதுவாக. "அடிச்சேன்னு சொல்லு."

சொன்னேன். எல்லாரும் பார்க்க நான் அவளை அடித்தேன் என்று, என் வாயால், என் குரலில், நான் நான் என்று. பாஸ்டரம்மா தலையைக் குனியவில்லை, நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு மணிப்பூர்ப் பெண் கைக்குட்டையை எடுத்தாள். அதற்குப் பிறகு நான் எதையும் குறைக்கவில்லை. ஆராதனை முடிந்து மைக்கைக் கொடுத்தபோதுதான் இவ்வளவு நேரம் நிற்காமல் இங்கிலீஷ் பேசியிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. 

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். எனக்கு இங்கிலீஷ் மேல் பயமில்லை. அடுத்தவர் பேச்சு என்றால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வருகிறது. என் பேச்சு என்றால்தான் நிற்கிறது. பாஸ்டர் பக்கத்தில் நின்றபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். வீல்சேருக்குப் பின்னால் நிற்கிற மாதிரிதான். பின்னால் நின்றே பழகியவளை முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்து, உன்னைப் பற்றிச் சொல் என்றால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே என் மேல் பரிதாபமாக இருந்தது. பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மூன்றாவது பரீட்சைக்குத் தேதி சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மிஸ்ஸிடம் சபையில் நடந்ததைச் சொன்னேன். இனிமேல் நான் இங்கிலீஷில் நினைக்கப் போவதில்லை, மனசுக்குள் ஒரு ஆள் தமிழில் வரி வரியாகச் சொல்லட்டும், நான் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்கிறேன் என்றேன். மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. மொழிபெயர்த்துப் பேசினால் இழுக்கும், பரீட்சையில் வேகத்தைத்தான் பார்ப்பார்கள், நான் எழுதிக் கொடுத்த மாதிரிப் பதிலையே இன்னும் நன்றாகப் படியுங்கள் என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், அது நியாயமான கேள்வி.

"அங்கே தமிழ் கொடுக்க பாஸ்டர் இருந்தார். டெஸ்ட்ல உங்களுக்கு யார் கொடுப்பாங்க?"

"நானே குடுத்துக்கிறேன் மிஸ்," என்றேன்.

படி ஏறிய பிறகு தமிழில் பேசியதை அன்றைக்கு அவர் கண்டிக்கவில்லை. சரி, செய்து காட்டுங்கள் என்று எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டு, ஏன் இந்தப் பதவி வேண்டும் என்று கேட்டார்.

நான் கண்ணை ஒரு நொடி மூடி மனசுக்குள் ஆளை நிறுத்தினேன். அந்த ஆள் எனக்குத் தெரியாமலே பாஸ்டராகவே வந்து நின்றுவிட்டார். குரல் சபைக் குரலாகக் கிளம்பியது, வலது கை தானாக மேலே போனது. கீழே மாவு மில்காரர் மிஷினை நிறுத்திவிட்டு என்ன சண்டை என்று படி ஏறி வந்தார். பதிலை முடித்த கையோடு வாய் தன் பாட்டுக்கு அல்லேலூயா என்றும் சொல்லிவிட்டது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்குத்தான் மிஸ் சிரித்து நான் பார்த்தேன்.

சிரிப்பைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. நான் மனசுக்குள் சொல்லிக்கொண்ட தமிழ், மிஸ்ஸின் மாதிரிப் பதிலைத் தமிழாக்கியது. பயணிகளுக்குச் சேவை செய்வதில் நான் பேரார்வம் கொண்டிருக்கிறேன். இங்கிலீஷில் இருந்தவரை அது நல்ல சட்டை போட்ட மனுஷன் மாதிரி இருந்தது. தமிழில் சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. பல்லாவரத்தில் எந்தப் பொம்பளை இப்படிப் பேசுவாள்? போன பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதும் இதே மாதிரி ஒன்றுதான், மூன்றாவது வரியில் நாக்கு ஏன் நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. அது யாருடைய பேச்சும் இல்லை. யாரும் பேசாததை எப்படி மொழிபெயர்ப்பது?

வீட்டில் ஆல்வினை உட்கார வைத்துப் பழகினேன். அவர் தமிழ் கொடுப்பார், நான் தாழ்ந்த குரலில், கையைக் கட்டிக்கொண்டு, இங்கிலீஷில் சொல்வேன். அவருக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. என் புருஷன் தங்கமான மனுஷன் என்று ஒரு வரி கொடுத்தார். கூட்டாதே என்றேன்.

"நெசத்த சொல்லு எப்சி," என்றார் ஒரு நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு. "அந்த வேல உனுக்கு இன்னாத்துக்கு ஓணும்? முட்டி போச்சு, அதானே மேட்டரு?"

"அதைச் சொன்னா, தள்ளவும் லாயக்கில்லன்னு இருக்கிற வேலையையும் புடுங்கிடுவாங்க."

 அவருக்கும் அதே பயம்தான் என்று முகத்தில் தெரிந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் மிஸ்ஸின் மாதிரிப் பதிலைச் சொல்லிவிடுவது, மற்றதெல்லாம் என் சொந்தப் பேச்சு என்று முடிவு செய்தோம்.

பரீட்சை நாளில் ராகவேந்திரா சார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மேஜை மேல் ஒரு லேப்டாப், அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து ப்ரியா மேடம். நான் உட்கார்ந்தேன். முதலில் வீடு, ஊர், வேலைக்கு எப்படி வருகிறீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே ஒரு வரி, வெளியே ஒரு வரி. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. கோபக்காரப் பயணியாக ராகவேந்திரா சார் நடித்துக் காட்டினார், வண்டி வர இவ்வளவு நேரமா என்று சத்தம் போட்டார். இந்தக் கோபத்தை நான் தினமும் பார்க்கிறேன், நடிப்புக் கோபம் எனக்கு ஒரு பொருட்டா? மன்னிப்புக் கேட்டு, விமான நேரம் கேட்டு, ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

ப்ரியா மேடம் லேப்டாப்புக்குள்ளிருந்து குனிந்து பார்த்து, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் உங்கள் உதடு அசைகிறதே, ஜெபம் செய்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டார். இல்லை மேடம், உள்ளே ஒரு தமிழ்க்காரி பேசுகிறாள், நான் அவளுடைய மொழிபெயர்ப்பாளர் என்றேன். அவர் சிரித்தார். ராகவேந்திரா சார் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. இந்தப் பதவி உங்களுக்கு ஏன் வேண்டும்?

மாதிரிப் பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் உள்ளே இருந்தவள் அதற்குள் பேசிவிட்டாள். முட்டி தேய்ஞ்சு போச்சு சார், இன்னும் ஒரு வருஷம் தள்ளினா என்னால நடக்க முடியாது. அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.  சில நேரம் முட்டி கொஞ்சம் வலிக்கும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குக் காத்தேன்.

வரவில்லை. பாஸ்டர் நின்ற மாதிரியே அவளும் நின்றுவிட்டாள். நான் அப்படிச் சொல்லலையே என்று அவள் பார்க்கிற மாதிரி இருந்தது. பாஸ்டர் தன் மனைவி முன்னால், ஊர் முன்னால் குறைத்துச் சொல்லவில்லை. இந்த இரண்டு பேருக்கு முன்னால் நான் எதற்காகக் குறைக்கிறேன்? வேலை போனால் போகட்டும். பொய் சொல்லித் தேறினாலும் முட்டி தேறப்போவதில்லை.

மன்னிக்க வேண்டும் சார், மொழிபெயர்ப்பு தப்பு, அவள் அப்படிச் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். முட்டி தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் தள்ளினால் என்னால் நடக்க முடியாது.

ராகவேந்திரா சார் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் இப்போதே நீங்கள் தள்ளக்கூடாது இல்லையா என்று கேட்டார்.

தள்ளக்கூடாது சார், அதற்காகத்தான் இங்கிலீஷ் படித்தேன் என்றேன்.

 உள்ளே இருந்தவள் அதோடு நிறுத்தவில்லை, நானும் விடவில்லை. இத்தனை வருஷம் பயணிகளின் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறேன். பயந்தவர்கள் கழுத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள், அழுகிறவர்களின் தோள் எப்படிக் குலுங்கும் என்று பின்னாலிருந்தே தெரியும். ஒரு தடவையாவது முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு அந்த ஹெல்ப் டெஸ்க் மேஜை வேண்டும். எந்த இடத்தில் எந்தக் காலம் போட்டேன், எது சரி எது தப்பு, எனக்குத் தெரியாது. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த நாள் வேலைக்குப் போனால் தள்ளுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டால், மேலிருந்து எடுக்கச் சொன்னார்கள், வீட்டில் இருங்கள், கூப்பிடுவார்கள் என்றார். அவருக்கும் வேறொன்றும் தெரியவில்லை. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்காக ஒரு நிமிஷம்கூட நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது கூட்டல். வருத்தப்பட்டேன். அன்று ராத்திரி ஆல்வின் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து என் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, போனா போவுது எப்சி, நாம பாத்துக்கலாம் என்றார்.

ஆனால் அட்டைகளை நான் கழற்றவில்லை. வகுப்புக்கும் போனேன். வேலைதான் இல்லையே, இன்னும் எதற்கு ரிவிஷன் என்று கூடப் படிக்கிற ரோஸி கேட்டாள். இங்கே இல்லாவிட்டால் வேறு எங்கோ ஒரு மேஜை இருக்காதா என்றேன். மிஸ் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு முழுக்க என்னைத்தான் எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்டார். இங்கிலீஷில் நினையுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ராகவேந்திரா சாரே போன் செய்தார். டெஸ்கில் உட்கார ஆர்டர் வந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வாருங்கள் என்றார். பட்டியலில் பெயரை எடுக்கச் சொன்னது அவர்தான். உங்கள் முட்டியைப் பற்றித் தெரிந்த பிறகு ஆர்டர் வரும்வரை எப்படித் தள்ள விடுவேன் என்று கேட்டார். அதை முன்னமே சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் சாகாமல் இருந்திருப்பேன் என்று வாய்வரை வந்தது. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. பரீட்சைத் தாளில், வேகம் போதாது, ஆனால் சொல்வது தெளிவாகப் புரிகிறது என்று எழுதியிருந்ததாம். மிஸ்ஸிடம் சொன்னேன். வேகத்தை நாம் பார்த்துக்கொள்வோம் என்றார்.

டெஸ்குக்குப் போன புதிதில் ஒரு நாள் வினிதா என்கிற புதுப்பெண் ஒரு பெரியவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். சட்டைப் பையில் பேனா, மூக்குக் கண்ணாடி, நீளமான மூக்கு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் டெஸ்க்காரர்களிடம் பேசுகிற இங்கிலீஷில், எக்ஸ்கியூஸ் மீ மேடம் என்று ஆரம்பித்தார். சிங்கப்பூர் விமானம், இறங்குகிற இடத்திலும் வண்டிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். சொல்லியாயிற்று, உங்கள் பெயரைப் பார்த்து உறுதி செய்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன்.

அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பழைய பாட்டு எங்கோ கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்தபோதுதான் இடது காதுக்கு மேலே அந்த மச்சம் தெரிந்தது.

"எப்சி இருக்காளா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"இருக்கேன் சார்."

கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாப்பிள்ளையை அவ்வளவு திட்டுகிற மனுஷருக்குக் கண் இத்தனை சாந்தமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இத்தனை வருஷமா என்னைத் தள்ளிண்டு போனது நீயாம்மா?" என்றார். "உன் மூஞ்சியை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

  மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வண்டியைத் தள்ளக் கிளம்பிய வினிதாவை நிறுத்தினேன்.

"பின்னாடி போறதுக்கு மின்ன, முன்னாடி வந்து நின்னு சாருக்கு உன் மொகத்தைக் காட்டு," என்றேன். "பேரையும் சொல்லு."

அவள் முன்னால் வந்து நின்று சொன்னாள். ஸ்ரீரங்கன் சார் அவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் பின்னால் போய், பிரேக்கை எடுத்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள்.